பிறப்புரிமை யாருக்கு?
திலகர் சரித்திரத்தில் மறைக்கப்படும் பக்கங்கள்

ஆகஸ்டு மாதம் முதல் தேதி வந்துவிட்டால் போதும். தேசபக்தியை முதலாக வைத்துப் பிழைக்கும் பத்திரிகைகளில் எல்லாம் சிவப்புத் தலைப்பாகையும் பெரிய மீசையுமாக ஒரு படம் தவறாமல் வந்துவிடும். படத்தின் கீழே “சுயராஜ்யம் பிறப்புரிமை” என்கின்ற வாக்கியமும் தவறாமல் இருக்கும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்து ஒப்பிப்பார்கள். சென்னைக் கடற்கரையில் அவர் பெயரால் ஒரு கட்டம் உண்டு. மற்ற ஊர்களில் தெருக்களும் உண்டு. பால கங்காதர திலகர் 1920-ம் வருஷம் ஆகஸ்டு முதல் தேதி பம்பாயில் காலமானார். நூறு வருஷங்களுக்கு மேலாகியும், அந்த வாக்கியத்தில் சொல்லப்பட்ட “பிறப்பு” எந்தப் பிறப்பு, அந்த “உரிமை” யாருடைய உரிமை என்று ஒருவரும் கேட்பதாகக் காணோம். ஆகவே நாம் கேட்கின்றோம்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகின்றோம். திலகர் கோழையென்றோ, சர்க்காரிடம் உத்தியோகத்திற்குப் பல்லைக் காட்டியவரென்றோ நாம் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் அது பொய். 1897-ல் பூனாவில் பிளேக் அதிகாரி ராண்டு சுடப்பட்ட சமயம் ராஜத்துவேஷக் குற்றம் சாட்டப்பட்டுப் பதினெட்டு மாதத் தண்டனை பெற்றார். 1908-ல் கேசரியில் எழுதிய வியாசங்களுக்காக ஆறு வருஷம் தேசாந்திர சிட்சை பெற்று, பர்மாவில் மண்டலே சிறையில் 1914 வரையில் கிடந்தார். அங்கிருக்கையிலேயே மனைவியும் இறந்துபோனார். இவ்வளவு கஷ்டத்தையும் அனுபவித்தவர், மன்னிப்புக் கேட்டு வெளியில் வந்தவருமல்ல. இதையெல்லாம் நாம் தாராளமாக ஒப்புக்கொள்கின்றோம். நம்முடைய கேள்வி வேறு. ஒரு மனிதன் ஜெயிலுக்குப் போனான் என்பதற்காக, அவன் வெளியில் இருந்தபோது செய்த காரியங்களுக்கெல்லாம் ரசீது கொடுத்துவிட முடியுமா என்பதுதான் கேள்வி.

திலகர் 1856-ல் ரத்னகிரியில் சித்பாவனப் பார்ப்பனக் குடும்பத்தில் பிறந்தார். அவர் பிறப்பதற்கு எட்டு வருஷம் முன்னதாகவே, 1848-ல், பூனா நகரத்தில் ஜோதிபா புலே என்னும் தோட்டக்கார ஜாதி வாலிபர் பெண்களுக்குப் பள்ளிக்கூடம் திறந்தார். அவருடைய மனைவி சாவித்திரிபாய் தெருவில் சாணியும் மண்ணும் மேலே விழ நடந்துபோய்ப் பாடம் சொல்லிக் கொடுத்தார். இந்தத் தேதியை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகின்றோம். பின்னால் உபயோகப்படும்.

படித்துப் பட்டம் பெற்ற திலகர், தம் சிநேகிதர்களோடு 1880-ல் ஒரு பள்ளிக்கூடமும், 1881-ல் மராட்டி பாஷையில் கேசரி, இங்கிலீஷில் மராட்டா என்ற இரண்டு பத்திரிகைகளும் ஆரம்பித்தார். கோலாப்பூர் சமஸ்தானத்தில் இளவயது ராஜாவைத் திவான் கொடுமைப்படுத்துகிறார் என்று எழுதியதற்காக, 1882-ல் அவரும் அகர்க்கரும் அவதூறு வழக்கில் தண்டிக்கப்பட்டு நூறு நாள் ஜெயிலில் இருந்தார்கள். அந்த வழக்கில் பதினாயிரம் ரூபாய் ஜாமீன் கட்ட ஆள் வேண்டியிருந்தபோது கட்டியவர் யார் தெரியுமா? புலேயின் நண்பரும் சத்தியசோதக சமாஜத்தைச் சேர்ந்தவருமான உரவணே என்பவர். பார்ப்பனியத்தை ஒழிக்க வேண்டுமென்று 1873-ல் ஏற்பட்ட சமாஜத்தைச் சேர்ந்த ஒரு சூத்திரர், சிறைக்குப் போகவிருந்த இரண்டு பார்ப்பன வாலிபர்களுக்குத் தம் பணத்தை ஈடு வைத்தார். ஜாதி பார்க்கவில்லை. அந்தக் கடன் எவ்விதம் திருப்பப்பட்டது என்பதை மேலே பார்ப்போம்.

அகர்க்கர் பெயரைச் சொன்னோம். இவரை நம்மவர்களில் அநேகருக்குத் தெரியாது. கோபால கணேச அகர்க்கர் திலகரோடு படித்தவர். திலகரோடு ஜெயிலில் இருந்தவர். திலகரைப் போலவே சித்பாவனப் பார்ப்பனர். வெளியே வந்தபின் அவர், விதவைகளை மொட்டையடிப்பது அக்கிரமம், பெண்கள் ஆண்களோடு சமமாகப் படிக்க வேண்டும், சாஸ்திரத்தில் இருப்பது எதுவானாலும் புத்திக்கு ஒத்தால்தான் கொள்ளவேண்டும் என்று எழுத ஆரம்பித்தார். கேசரியில் அதற்கு இடமில்லாமற் போகவே, 1888-ல் ‘சுதாரக்’ என்று தனிப் பத்திரிகை நடத்தினார். அதற்குப் பூனா வைதீகர்கள் கொடுத்த வெகுமதி என்னவென்றால், மனிதர் உயிரோடிருக்கும்போதே அவருக்குப் பாடைகட்டிச் சவ ஊர்வலம் நடத்தினார்கள். 1895-ல் முப்பத்தெட்டு வயதில் அகர்க்கர் இறந்துபோனார். அகர்க்கர் படத்தை வைத்து ஆகஸ்டிலோ வேறு எந்த மாதத்திலோ பூஜை செய்கிற தேசீயப் பத்திரிகை ஒன்றையும் நாம் கண்டதில்லை. ஜாதியைப் பார்த்துத் திலகரைக் குற்றம் சொல்கிறோம் என்று நம்மீது பழி போடுகிறவர்களுக்கு அகர்க்கரே பதில்.

இனிப் பெண்கள் விஷயம். 1884-ல் ரானடே முதலானவர்கள் பூனாவில் பெண்களுக்கு ஹைஸ்கூல் ஒன்று வைத்தார்கள். கேசரியும் மராட்டாவும் அதன் பாடத்திட்டத்தின்மேல் பாய்ந்தன. பெண்பிள்ளைகள் பகல் முழுவதும் பள்ளியிலிருந்தால் வீட்டு வேலை என்னாவது, இங்கிலீஷும் கணக்கும் அவர்களுக்கு எதற்கு, தாய்பாஷையும் தையலும் தர்மபோதனையும் கொஞ்ச நேரம் படித்தால் போதாதா என்பது அவற்றின் வாதம். தாம் இங்கிலீஷ் பத்திரிகை நடத்திக்கொண்டு, பெண்ணுக்கு இங்கிலீஷ் எதற்கு என்று அந்த இங்கிலீஷ் பத்திரிகையிலேயே எழுதுவது எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள்!

பண்டித ரமாபாய் என்னும் அம்மையார் 1889-ல் பம்பாயில் இளம் விதவைகளுக்காக சாரதா சதனம் என்ற விடுதி ஏற்படுத்தி, மறுவருஷம் அதைப் பூனாவுக்குக் கொண்டுவந்தார். அந்த அம்மையார் கிறிஸ்தவர் என்பதால், விதவைகளை மதம் மாற்றுகிறார் என்று கேசரி ஓயாமல் எழுதிற்று. 1893-ல் கலவரம் முற்றிப் பல பெண்களைப் பெற்றோர்கள் இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அங்கே பிரார்த்தனை நடந்தது உண்மைதான்; எந்த மதத்தாருடைய பிரார்த்தனையிலும் நமக்கு அக்கறையில்லை. ஆனால் பத்து வயதில் தாலியறுத்து, தலையைச் சிரைத்து, ஒருவேளைச் சோற்றோடு மூலையில் தள்ளப்பட்ட பெண்ணுக்கு இந்து மதத்தைக் காப்பாற்ற வந்தவர்கள் கட்டிவைத்த விடுதி எது? அதே சதனத்தில் படித்த ஒரு விதவையை 1893-ல் கலியாணம் செய்துகொண்ட கார்வே, ஜாதியாரால் ஒதுக்கப்பட்டும், 1896-ல் தாமாக ஒரு விதவை விடுதி கட்டினார். ஆளும் பணமும் பத்திரிகையும் வைத்திருந்தவர்களால் செய்யமுடியாத காரியமா அது?

ருக்மாபாய் வழக்கைக் கேட்டால் இன்னும் நன்றாய் விளங்கும். பம்பாயில் தச்சர் வகுப்பைச் சேர்ந்த இந்தப் பெண்ணுக்குப் பதினோராவது வயதில் தாதாஜி என்பவரோடு கலியாணம். பெண் தாய் வீட்டிலேயே வளர்ந்து படித்தாள். வயது வந்தபின் அந்தப் புருஷனோடு வாழ எனக்குச் சம்மதமில்லை என்றாள். 1884-ல் அவன் கோர்ட்டுக்குப் போனான். ஜட்ஜ் பின்ஹே 1885-ல் வழக்கைத் தள்ளினார். மனைவியைக் கட்டாயப்படுத்தி அனுப்பும் இந்த வழக்குமுறையே இந்து சாஸ்திரத்தில் இல்லாதது, இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்து நடப்பட்டது என்றும் சொன்னார். பூனாவிலும் பம்பாயிலும் வைதீகர்கள் குதித்தார்கள். கேசரி புருஷன் பக்கம் நின்றது. அப்பீல் ஆகி, 1887-ல் புருஷனிடம் போ அல்லது ஆறு மாதம் ஜெயிலுக்குப் போ என்று தீர்ப்பாயிற்று. ஜெயிலுக்குப் போகிறேன் என்றாள் அந்தப் பெண். கடைசியில் 1888-ல் இரண்டாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு புருஷன் விலகினான். ருக்மாபாய் லண்டனுக்குப் போய் வைத்தியம் படித்து டாக்டராகித் திரும்பி, சூரத்திலும் ராஜ்கோட்டிலும் வெகுகாலம் வேலை பார்த்தார்.

சுயராஜ்யம் பிறப்புரிமை என்பது உண்மையானால், தன் உடம்பின்மேல் ஒரு பெண்ணுக்கு உள்ள ராஜ்யம் அதில் சேர்ந்ததா இல்லையா? அதற்காக ஜெயிலுக்குப் போகத் துணிந்தவள் தேசபக்தையா, அவளை ஜெயிலுக்கு அனுப்பச் சொன்ன பத்திரிகை தேசபக்தியா?

1890-ல் கல்கத்தாவில் பூல்மணி என்ற சிறுமி, பத்துப் பதினோரு வயதுக் குழந்தை, முப்பது வயதைத் தாண்டிய புருஷன் பலவந்தம் செய்ததினால் இரத்தம் கொட்டிச் செத்தது. அப்போதிருந்த சட்டப்படி பத்து வயது முடிந்திருந்தால் புருஷன் செய்வது பலாத்காரமாகாது. ஆகவே அவனுக்கு அஜாக்கிரதையாகக் காயம் விளைவித்ததற்காக ஒரு வருஷம் கடுங்காவல்தான் கிடைத்தது. இதன்பேரில் அந்தப் பத்து வயதைப் பன்னிரண்டாக உயர்த்தும் மசோதாவை 1891 ஜனவரியில் சர்க்கார் கொண்டுவந்தார்கள். பதினெட்டல்ல, பதினாறல்ல, பன்னிரண்டு! இதை எதிர்த்துத் தேசமெங்கும் கூப்பாடு போட்டவர்களில் முன்னணியில் நின்றவர் திலகர். பெண் பெரியவளானவுடன் கர்ப்பாதானச் சடங்கு நடக்காவிட்டால் மதம் போய்விடும் என்று வைதீகர்கள் கத்தினார்கள். திலகர் அவ்வளவு கொச்சையாகப் பேசாமல், அந்நிய சர்க்காருக்கு நம் மத விஷயத்தில் தலையிட அதிகாரமில்லை என்று ராஜீயமாகப் பேசினார். மசோதா மார்ச்சில் சட்டமாயிற்று. மதமும் போய்விடவில்லை, உலகமும் கவிழ்ந்துவிடவில்லை.

திலகருடைய சிஷ்யர்கள் இதற்கு ஒரு சமாதானம் சொல்வதுண்டு. அவரும் சீர்திருத்தத்தை விரும்பினார். பெண்ணுக்குப் பதினாறு, ஆணுக்கு இருபது வயதுக்குமுன் கலியாணம் செய்வதில்லை என்று கையெழுத்துப் போடுகிறவர்கள் போட்டு அதற்குக் கட்டுப்படட்டும் என்று 1890-ல் அவரே யோசனை சொன்னார் என்பார்கள். வாஸ்தவம். சொன்னார். ஆனால் பதினாறு வயதுதான் நல்லது என்று தெரிந்த ஒருவர், பன்னிரண்டு என்று வந்த சட்டத்தைத் தடுத்தது ஏன் என்பதற்கு இது பதிலாகவில்லையே! தெரியாமல் செய்தவனுக்காவது மன்னிப்பு உண்டு. கையெழுத்துப் போடாதவன் வீட்டுக் குழந்தை என்ன பாவம் செய்தது?

“அந்நிய சர்க்கார் தலையிடக் கூடாது” என்ற தத்துவத்தையும் சற்று உரைத்துப் பார்ப்போம். ருக்மாபாயைப் பிடித்து அனுப்பச் சொன்னபோது கூப்பிட்டது எந்த சர்க்காரை? அந்த வழக்குமுறையே வெள்ளைக்காரன் சரக்கு என்று வெள்ளைக்கார ஜட்ஜே சொன்ன பிறகும் அது இனித்ததல்லவா? அதற்கும் பிறகு, ஒரு சர்தார் வீட்டு விதவையான தாயி மகராஜ் என்பவர் யாரைச் சுவீகாரம் எடுப்பது என்ற விவகாரத்தில், சொத்தின் டிரஸ்டியாக இருந்த திலகர் வருஷக்கணக்காகக் கோர்ட்டு ஏறி, கடைசியில் 1915-ல் லண்டன் பிரிவி கௌன்சிலில் ஜெயித்தார். சுவீகாரம் என்பது பிதிர்க்கடன், பிண்டம், மோட்சம் எல்லாம் சேர்ந்த சுத்தமான மத விஷயம். அதை லண்டனில் உட்கார்ந்திருக்கும் வெள்ளைக்கார ஜட்ஜுகள் தீர்மானிக்கலாமாம். பத்து வயதுக் குழந்தையைத் தொடாதே என்று மட்டும் அவர்கள் சொல்லக்கூடாதாம்!

நிற்க, ஒரு தேநீர்க் கதை. 1890-ல் பூனாவில் பாதிரிமார்கள் வைத்த ஒரு கூட்டத்துக்கு ரானடே, திலகர் உள்பட அவ்வூர்ப் பெரியமனிதர் பலர் போனார்கள். தேநீரும் பிஸ்கத்தும் வந்தன. சிலர் குடித்தார்கள், சிலர் தொட்டுவிட்டு வைத்தார்கள். மறுநாளிலிருந்து ஊர் அமளி. போனவர்கள் பெயர்களைப் பத்திரிகையில் போட்டு, சங்கராச்சாரியாருக்குப் பிராது போய், விசாரணைக் கமிஷன் உட்கார்ந்தது. கொலைக் குற்றத்திற்குக் கமிஷன் கேள்விப்பட்டிருக்கிறோம். ஒரு கிண்ணம் தேநீருக்குக் கமிஷன்! அதில் திலகர், பத்திரிகை நடத்துகிறவர், வக்கீல் பரீட்சை தேறியவர், கணிதத்தில் நிபுணர், என்ன பதில் சொன்னார் என்றால், தாம் காசியில் முன்னமே பிராயச்சித்தம் செய்துகொண்டாகிவிட்டது என்று சொன்னார். “தேநீர் குடித்தேன், அதில் என்ன தப்பு?” என்று கேட்கவில்லை. பெரிய சீர்திருத்தக்காரரென்று பெயரெடுத்த ரானடேயும் பின்னர் பிராயச்சித்தம் செய்துகொண்டார் என்பதையும் மறைக்காமல் சொல்கின்றோம். துப்பாக்கியும் பீரங்கியும் வைத்திருந்த சாம்ராஜ்யத்துக்குப் பயப்படாத மனிதர், தர்ப்பைப்புல் வைத்திருந்த ஆசாமிக்குத் தலைவணங்கினார். பார்ப்பனியத்தின் பலம் எவ்வளவு என்று யாராவது நம்மைக் கேட்டால், இந்த ஒரு சம்பவத்தையே சொல்லுவோம்.

1893-ல் பம்பாயில் இந்து முஸ்லிம் கலகம் நடந்தது. அதையடுத்துத்தான் வீட்டுக்குள் இருந்த பிள்ளையாரைத் தெருவுக்கு இழுத்து, மேளங்கள் கட்டி, ஊர்வலம் விடும் உற்சவத்தைத் திலகரும் கேசரியும் பெரிதாக்கினார்கள். அதுவரையில் பூனாவில் இந்துக்கள் மொகரம் பண்டிகையில் தாங்களும் தாபூத்துத் தூக்கி ஆடிக்கொண்டிருந்தவர்கள். நம் தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் பஞ்சா எடுப்பதில் எல்லா ஜாதியாரும் கலந்துகொள்வது வாசகர்கள் அறிந்ததே. அந்தச் சேர்க்கையை விட்டுவிடு, பிள்ளையார் பக்கம் வா என்று பாட்டுக்கட்டிப் பாடினார்கள். 1894-ல் பூனாவிலேயே அடிதடி நடந்தது. இது ஜனங்களை ஒற்றுமைப்படுத்தக் கண்டுபிடித்த உபாயமாம்! யாரோடு யாரை ஒற்றுமைப்படுத்த என்பதுதான் விளங்கவில்லை. 1980-களுக்குப்பின் சென்னையிலும் இந்தச் சரக்குக்குக் கடை திறந்ததையும், 1990-ல் திருவல்லிக்கேணியில் நடந்ததையும் பார்த்தவர்களுக்கு நாம் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

1895-ல் பூனாவில் காங்கிரஸ் கூடிற்று. வருஷந்தோறும் காங்கிரஸ் முடிந்ததும் அதே பந்தலில் சமூகச் சீர்திருத்த மகாநாடும் கூடுவது வழக்கம். அந்த வருஷம் திலகர் கட்சியார் பந்தலைக் கொடுக்கக்கூடாது என்று ஆர்ப்பாட்டம் செய்தார்கள்; கொடுத்தால் கொளுத்திவிடுவோம் என்ற பயமுறுத்தல்கூட வந்தது. ரானடே பந்தலை விட்டுக்கொடுத்து வேறிடத்தில் மகாநாட்டை நடத்தினார். தேசீயம் என்கின்ற பந்தலில் சமூகத்துக்கு இடமில்லை என்பது அன்றைக்கே காரியத்தில் காட்டப்பட்டுவிட்டது.

இப்பொழுது கோலாப்பூருக்கு வருவோம். இதுதான் முக்கியமான இடம். திலகர் 1896-ல் ராய்கட் கோட்டையில் சிவாஜி உற்சவத்தை விமரிசையாய் நடத்தினவர். சிவாஜியின் பெயரைச் சொல்லி மராட்டியர் இரத்தத்தைச் சூடேற்றியவர். அந்தச் சிவாஜி வம்சத்துக் கத்தியைத் தாங்கியவர் கோலாப்பூர் சாகு மகாராஜா. 1899-ல் அவர் பஞ்சகங்கை நதியில் ஸ்நானம் செய்யப் போனார். மந்திரம் சொல்ல வந்த புரோகிதன், தான் குளிக்காமலே வந்து நின்றுகொண்டு, வேத மந்திரத்தை விட்டுப் புராண மந்திரத்தைச் சொன்னான். ஏனென்று கேட்டால், மகாராஜா சூத்திரர், சூத்திரருக்குப் புராண மந்திரந்தான் என்றான். சம்பளம் கொடுக்கிற ராஜா சூத்திரன். அழுக்கோடு வந்த கூலிக்காரன் பூதேவன்! சிவாஜிக்கே 1674-ல் பட்டாபிஷேகம் செய்ய உள்ளூர்ப் பார்ப்பனர்கள் மறுத்து, காசியிலிருந்து காகபட்டரைத் தருவிக்க நேர்ந்தது. இருநூற்றிருபத்தைந்து வருஷம் கழித்தும் வைத்தியம் ஆகவில்லை.

சிவாஜி உற்சவம் நடத்திய லோகமான்யர் இந்தச் சச்சரவில் யார் பக்கம்? 1901-ல் கேசரியில் வரிசையாக எழுதினார். வேத மந்திரம் சொல்லிவிட்டால் ஜாதி உயர்ந்துவிடாது, பழைய வழக்கத்தை மாற்ற முகாந்திரமில்லை என்பதே அதன் சாரம். நம்மைக் கேட்டால், வேத மந்திரமும் வேண்டாம், புராண மந்திரமும் வேண்டாம், ஆற்றில் இறங்கிக் குளித்துவிட்டு வீட்டுக்குப் போ என்போம். ஆனால் அங்கே சண்டை மந்திரத்திற்கல்ல. மனிதனுக்கு மனிதன் பிறப்பினால் கீழா என்பதற்கு. அதற்குத் திலகர் கொடுத்த விடை, ஆம், கீழ்தான் என்பது. எந்த ராஜாவுக்காக 1882-ல் சிறை சென்றாரோ, எந்த சூத்திரர்கள் ஜாமீன் கொடுத்தார்களோ, அந்தக் கோலாப்பூருக்கும் அந்தச் சூத்திரர்களுக்கும் செலுத்திய நன்றி இது. உற்சவத்திற்குச் சிவாஜி வேண்டும். ஊர்வலத்தில் கத்தி தூக்க மராட்டியன் வேண்டும். மந்திரம் என்று வந்தால் மட்டும் தள்ளி நில்!

சாகு மகாராஜா வாதத்தோடு நிற்கவில்லை. ராஜ புரோகிதரின் மானியத்தைப் பறிமுதல் செய்தார். 1902 ஜூலை 26-ந் தேதி, தம் சமஸ்தானத்தில் காலியாகும் உத்தியோகங்களில் நூற்றுக்கு ஐம்பது பிற்பட்ட வகுப்பாருக்கு என்று உத்தரவு போட்டார். மந்திரத்துக்குத் தகராறு செய்யப்போய் உத்தியோகம் போயிற்று என்பது ஒருவிதத்தில் புரோகிதர் செய்த உபகாரம் என்றே சொல்லவேண்டும். (இதற்கு நடுவில் 1903-ல் திலகர் ஒரு புத்தகம் எழுதி, ஆரியர்களின் பூர்வீகம் வடதுருவம் என்று ஸ்தாபித்தார். நாம் ஆரியர் வெளியிலிருந்து வந்தவர்கள் என்றால் துவேஷம் என்கிறவர்கள், பனிக்கட்டிப் பிரதேசத்திலிருந்து வந்ததாக எழுதியவரை லோகமான்யர் என்கிறார்கள்.)

1908 ஜூலையில் திலகருக்கு ஆறு வருஷத் தண்டனை விதித்தவுடன், பம்பாய் மில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டுத் தெருவுக்கு வந்தார்கள். வருஷத்துக்கு ஒரு நாளாக ஆறு நாள் வேலைநிறுத்தம். பட்டாளம் சுட்டது, பல பேர் செத்தார்கள். ருஷியாவின் லெனின்கூட அதைப் பற்றி எழுதினார். அந்தத் தொழிலாளர்கள் யார்? பெரும்பாலும் கொங்கணத்திலிருந்தும் தக்காணத்திலிருந்தும் பிழைக்க வந்த குண்பிகள், மராட்டியர்கள்; மண்ணை உழுதவர்கள். ஒருவன்கூட வேதம் ஓதியவனல்ல.

திலகர் திரும்பி வந்தார். 1916-ல் லக்னோ காங்கிரசில், அதிகாரத்தை முகமதியருக்குக் கொடுத்தாலும் சரி, ராஜபுத்திரருக்குக் கொடுத்தாலும் சரி, இந்துக்களில் மிகத் தாழ்ந்த வகுப்பாருக்கே கொடுத்தாலும் சரி, எங்களுக்கு ஆட்சேபணையில்லை என்று கைதட்டலுக்கிடையில் பேசினார். கேட்க எவ்வளவு நேர்த்தி! வெகுநாள் போகவில்லை. மாண்டேகு சீர்திருத்தம் வரப்போகிறது என்றவுடன் மராட்டியர், லிங்காயத்தார் முதலியவர்கள் சட்டசபையில் எங்களுக்கும் ஸ்தானம் வேண்டும் என்று கேட்கத் தொடங்கினார்கள். அப்போது பெல்காம் ஜில்லா அதனி என்ற ஊரில் இதே திலகர் என்ன பேசினார்? எண்ணெய் ஆட்டுகிறவனும், வெற்றிலை விற்கிறவனும், குண்பியும் சட்டசபைக்குப் போய் என்ன செய்யப் போகிறார்கள், அங்கே போய் ஏர் ஓட்டப்போகிறார்களா, தராசு பிடிக்கப்போகிறார்களா என்று கேலி செய்தார். தமக்காகப் பம்பாய்த் தெருவில் குண்டடிபட்டுச் செத்தவனுடைய அண்ணன் தம்பியைப் பார்த்துத்தான் இந்தக் கேள்வி! சாவதற்கு யோக்கியதை வேண்டியதில்லை. சட்டசபைக்குத்தான் யோக்கியதை வேண்டுமாம். அந்தக் கேலிக்குப் பிறகும் 1919-ம் வருஷச் சட்டத்தின்கீழ் பம்பாயில் மராட்டியர் முதலியோருக்கு 7 ஸ்தானங்களும், சென்னையில் பார்ப்பனரல்லாதாருக்கு 28 ஸ்தானங்களும் ஒதுக்கப்பட்டன. யாரும் சட்டசபைக்குள் ஏர் ஓட்டியதாகத் தகவல் இல்லை.

1918 மார்ச்சில் பம்பாயில் விட்டல் ராம்ஜி ஷிண்டே கூட்டிய தீண்டாமை ஒழிப்பு மகாநாட்டிற்குப் பரோடா மகாராஜா தலைமை வகித்தார். திலகரும் வந்தார். தீண்டாமையைக் கடவுள் சகித்துக் கொள்வாரானால் அவரைக் கடவுளென்றே ஒப்பமாட்டேன் என்று முழங்கினார். பந்தல் அதிர்ந்தது. இன்றைக்கும் படத்தின் கீழே போடுகிற இரண்டாவது வாக்கியம் இதுதான். பிறகு நடந்ததை மட்டும் போடமாட்டார்கள். என் சொந்த வாழ்க்கையில் தீண்டாமை பாராட்டமாட்டேன் என்று ஒரு பிரதிக்ஞைப் பத்திரம் கையெழுத்துக்கு வந்தது. திலகர் கையெழுத்துப் போடவில்லை. கடவுளையே பதவி நீக்கம் செய்யத் துணிந்தவருக்கு ஒரு துண்டுக் காகிதத்தில் பேனாவை வைக்கத் துணிவு வரவில்லை. 1920 ஜனவரியில், தோழர் அம்பேத்கர் ‘மூக்நாயக்’ என்ற பத்திரிகையை ஆரம்பித்தபோது அதற்கு ஒரு விளம்பரம் போடச்சொல்லிக் கேசரிக்கு அனுப்பினார். காசு கொடுக்கிறோம் என்றும் சொன்னார்கள். கேசரி போட மறுத்துவிட்டது. திலகர் அப்போது உயிரோடுதான் இருந்தார்.

அந்தக் காலம் அப்படி, அதற்கு அவர் என்ன செய்வார் என்று கேட்பவர்கள் உண்டு. அதற்காகத்தான் 1848 என்ற வருஷத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னோம். புலே அந்தக் காலத்து மனிதர்தான். அதற்கும் முந்திய காலத்தவர். சாவித்திரிபாயும், ரமாபாயும், ருக்மாபாயும், அகர்க்கரும், ஷிண்டேயும், சாகுவும் அதே காலத்தில், அதே நாட்டில், அதே மராட்டி பாஷையில்தான் வாழ்ந்தார்கள். காலம் எல்லோருக்கும் ஒரே காலமாய்த்தான் இருந்தது. அவர்களுக்கெல்லாம் தெரிந்த நியாயம், பண்டிதரும் மேதாவியுமானவருக்குத் தெரியாமற் போயிற்று என்று சொல்வது திலகருக்கே அவமரியாதை.

முதலில் ராஜீய சுதந்திரம் வரட்டும், சமூக விஷயம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது மற்றொரு சமாதானம். சுதந்திரம் 1947-ல் வந்தது. பிறகு பார்த்துக்கொள்வதாகச் சொன்னவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கோயில் கருவறை வாசலிலும், கிராமத்துச் சுடுகாட்டுப் பாதையிலும், குடிதண்ணீர்த் தொட்டியிலும் எந்தப் பிறப்பின் உரிமை நடக்கிறது என்பதை வாசகர்கள் தங்கள் ஊரிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

முடிப்பதற்குமுன் திலகர் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவரைப் பற்றிச் சொல்லவேண்டும். அவருடைய மகன் ஸ்ரீதரபந்த் திலகர். தகப்பனார் இறந்த பிறகு இவர் அம்பேத்கரோடு சேர்ந்தார். கேசரி பத்திரிகை இருந்த அந்தக் கெய்க்வாட் வாடா மாளிகையிலேயே, 1928 ஏப்ரலில், சமதா சங்கத்தின் பூனா கிளையைத் திறந்து, மகார்களையும் பார்ப்பனர்களையும் ஒரே பந்தியில் உட்காரவைத்துச் சாப்பாடு போட்டார். தகப்பனார் ஒரு தேநீருக்குப் பிராயச்சித்தம் செய்துகொண்ட அதே பூனாவில் மகன் இதைச் செய்தார். தகப்பனாரின் சிஷ்யர்களே அவருக்குச் சத்துருக்களானார்கள். சொத்துத் தகராறு, கோர்ட்டு, தொந்தரவு என்று நாலு பக்கமும் நெருக்கினார்கள். 1928 மே 25-ந் தேதி அம்பேத்கருக்கு ஒரு கடிதம் எழுதிவைத்துவிட்டு அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். லோகமான்யர் என்ற பட்டம் உண்மையில் யாருக்காவது தகுமானால் அது இந்த ஸ்ரீதரபந்துக்கே தகும் என்று அம்பேத்கர் எழுதினார்.

ஆகஸ்டு முதல் தேதி படம் போடுகிற பத்திரிகைகளில் மே 25-ந் தேதி இதுவரையில் எந்தப் படமும் வந்ததாக நமக்குத் தெரியவில்லை.